மொட்டை மாடியில் ஒரு தாளம்

மன்னார்குடியில் என் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் எட்டு சோலார் பேனல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 400 வாட். சித்திரை மாதம் ஒரு மதியம் கரண்ட் போனது. சித்தப்பா மாடிப்படியில் பாதி ஏறி, வெயிலில் பளபளக்கும் பேனல்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "ஏண்டா, வெயில் இப்படிக் கொளுத்துது. மேல மூணு கிலோவாட்டு சும்மா கெடக்கு. கீழ ஒரு ஃபேன் சுத்த மாட்டேங்குதே?"

நெட் மீட்டரோடு சோலார் போட்ட வீடுகளில் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசிப்போன பின் டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி இன்னும் நன்றாகத் தெரியும்.

பேனலின் முதுகில் ஒரு நோட்டுப் புத்தகம் அளவில் திருகப்பட்டிருக்கும் பெட்டிதான் மைக்ரோ இன்வெர்ட்டர். பேனலில் இருந்து வருவது ஏறக்குறைய 30, 40 வோல்ட் நேர்திசை மின்சாரம். பெட்டி அதை 230 வோல்ட் மாறுதிசை மின்சாரமாக்கி வீட்டுக் கம்பியில் ஏற்றுகிறது. ஏற்றுவதற்கு முன் அது ஒரு காரியம் செய்கிறது. கம்பியில் ஏற்கெனவே ஓடுகிற அலையை உற்றுக் கேட்கிறது. அந்த அலை வினாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. அந்த அலையோடு அடி பிசகாமல் தன் மின்னோட்டத்தைச் சேர்க்கிறது. நாகசுரக் குழுவில் தாளக்காரரின் கையையே பார்த்து வாசிக்கும் இளம் கலைஞரைப் போல. தாளம் நின்றால் வாசிப்பும் நின்றுவிடும். சொந்தமாகத் தாளம் போட அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

தெரிந்தாலும் போடக் கூடாது. தெருவில் கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது, நம் மாடியில் இருந்து மின்சாரம் வெளியே கசிந்தால் அவர் உயிர் போய்விடும். ஆகவே கம்பியில் அலை நின்றதும் இரண்டு வினாடிக்குள் தானாக அணைந்துவிட வேண்டும் என்பது பல நாடுகளில் இந்தக் கருவிகளுக்கு உள்ள விதி. சித்தப்பாவின் ஃபேன் நின்றதற்குக் காரணம் பழுது அல்ல, ஒரு மனிதரைக் காக்கும் ஏற்பாடு.

அப்படியானால் அந்த வெயிலை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? தாளம் போடத் தெரிந்த ஒருவரை வீட்டுக்குள் உட்கார வைக்க வேண்டும். அதுதான் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர். தெருவில் கரண்ட் போன கணமே அது உள்ளிருக்கும் ரிலேயைத் திறந்து வீட்டை வெளிக்கம்பியிலிருந்து முழுவதுமாகப் பிரித்துவிடுகிறது. லைன்மேனுக்கு ஆபத்து இல்லை. பிறகு பேட்டரியின் பலத்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையைத் தானே உண்டாக்குகிறது. வீட்டின் நான்கு சுவருக்குள் ஒரு குட்டி மின்வாரியம்.

சித்தப்பா வீட்டில் அதைப் பொருத்திய பிறகு, மெயின் சுவிட்சை இறக்கிச் சோதித்துப் பார்த்தோம். ஃபேன் நிற்கவில்லை. இன்வெர்ட்டரின் சிறு திரையில் பேட்டரியிலிருந்து 600 வாட் வெளியேறுவதாகக் காட்டியது. மாடியில் அசைவே இல்லை. மைக்ரோ இன்வெர்ட்டர்கள் புதிய அலையை உடனே நம்பிவிடுவதில்லை. வோல்டேஜும் அதிர்வெண்ணும் தடுமாறாமல் நிற்கின்றனவா என்று காத்திருந்து பார்க்கும். பல மாடல்களில் இந்தக் காத்திருப்பு 5 நிமிடம். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஐந்தாவது நிமிடம் தாண்டியதும் திரையில் 600 என்பது 400 ஆனது. பிறகு 150. பிறகு பூஜ்யம். அதன் பின் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து உட்கார்ந்தது. மைனஸ் 300, மைனஸ் 900, மைனஸ் 1900. பேட்டரி நிரம்பத் தொடங்கியிருந்தது.

அந்தக் கழித்தல் குறியில்தான் விஷயம் இருக்கிறது. "பேட்டரியை நிரப்பு" என்று பேனல்களுக்கு யாரும் கட்டளை கொடுக்கவில்லை. பேனல்கள் 2500 வாட் தள்ளுகின்றன. வீடு 600 வாட்தான் உண்கிறது. மிச்சம் 1900 வாட் கம்பியில் வோல்டேஜை ஏற்றப் பார்க்கும். வோல்டேஜை 230இல் பிடித்து வைப்பது ஹைபிரிட் இன்வெர்ட்டரின் வேலை. பிடித்து வைக்க ஒரே வழி, அந்த மிச்சத்தைத் தான் விழுங்குவது. மின்சாரத்தை வெளியே அனுப்பும் அதே குறைகடத்தி சுவிட்சுகள் வழியாகவே அது உள்ளேயும் வருகிறது. ஒரே வாசல்தான், போகவும் வரவும். 51.2 வோல்ட் லித்தியம் பேட்டரிக்குள் அப்போது சுமார் 35 ஆம்பியர் பாய்ந்துகொண்டிருக்கும்.

பேட்டரி நிரம்பிவிட்டால்? வெயில் நிற்காது, பேனல்கள் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். தெருக்கம்பியில் கொட்டவும் வழியில்லை. மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே தகவல் சொல்லத் தனிக் கம்பியும் கிடையாது. இரண்டு கருவிகளும் வெவ்வேறு கம்பெனித் தயாரிப்பாகக்கூட இருக்கலாம். ஆனாலும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் மேலே செய்தி அனுப்புகிறது, தாளத்தைச் சற்றே வேகப்படுத்தி. 50 ஹெர்ட்ஸை 50.5, 51 என்று மெல்ல உயர்த்துகிறது. பேனலுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிகள் அதைக் கேட்டு உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றன.

அதிர்வெண் கூடினால் உற்பத்தி மிகுதி என்று அவை புரிந்துகொள்வதற்குக் காரணம் பெரிய மின்தொகுப்பின் இயற்பியல். அனல் நிலையத்திலும் அணையிலும் சுழலும் டர்பைன்கள் அனைத்தும் ஒரே தாளத்தில் பிணைந்திருக்கின்றன. பயன்பாடு திடீரென்று குறைந்தால், பாரம் இறக்கிய வண்டி போல அவை வேகமெடுக்கும், அதிர்வெண் ஏறும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் மின்பாதை தென்னகத்தை இணைத்த பிறகு, இந்தியா முழுவதற்கும் ஒரே துடிப்புதான். 49.90க்கும் 50.05க்கும் நடுவே அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுவதும் ஒன்பது நிமிடம் விளக்கணைத்தது நினைவிருக்கும். மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. நீர்மின் நிலையங்களை மளமளவென்று குறைத்தும் அதிர்வெண் 50.26 வரை போய்த்தான் திரும்பியது. நம் வீட்டு ஹைபிரிட் இன்வெர்ட்டரில் சுழலும் சக்கரம் எதுவும் இல்லை. மாபெரும் டர்பைன்களுக்கு இயல்பாக நேர்வதை, அது கணக்குப் போட்டுச் செய்கிறது.

இந்தப் பேச்சுமொழியை எல்லா இன்வெர்ட்டருக்கும் பழக்கியதில் ஜெர்மனிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே முன்பு அதிர்வெண் 50.2ஐத் தொட்டால் சோலார் இன்வெர்ட்டர்கள் உடனே அணைய வேண்டும் என்று விதி இருந்தது. மாடிகள் லட்சக்கணக்கில் பெருகிய பிறகுதான், எல்லாம் ஒரே நொடியில் அணைந்தால் நாடே தடுமாறும் என்று உறைத்தது. 2011இல் விதியை மாற்றினார்கள்: 50.2க்கு மேல் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் 40 சதவீதம் என்ற கணக்கில் படிப்படியாகக் குறை, 51.5இல் விலகு. இதே உத்தியைக் கிரேக்கத்தின் கித்னோஸ் தீவில், வெளித்தொடர்பில்லாத 12 வீடுகளுக்கான சிறு மின்தொகுப்பில், 2001 முதலே கையாண்டு வந்தார்கள். நாட்டைக் காக்கப் போட்ட விதி, இன்று ஒற்றை வீட்டின் பேட்டரியையும் காக்கிறது.

இதைக் காதாலும் கேட்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவிகளின் ரீங்காரம் மின்அதிர்வெண்ணைப் போல இரு மடங்கு, அதாவது 100 ஹெர்ட்ஸ். மின்சாரம் 51.5க்கு ஏறினால் ரீங்காரம் 103 ஆகும். அடுத்தடுத்த இரு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் அது பாதி. சுருதி சுத்தமான காது உள்ளவர், திரையைப் பார்க்காமலே பேட்டரி நிரம்பிவிட்டதைச் சொல்லிவிடலாம்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. மைக்ரோ இன்வெர்ட்டர்கள் ஹைபிரிட் இன்வெர்ட்டரின் எந்தப் பக்கம் சேர்கின்றன என்பதுதான் முதன்மையானது. தெருப் பக்கம் சேர்ந்தால், கரண்ட் இருக்கும்போது மட்டும் பேட்டரி நிரம்பும். கரண்ட் போனால் பேனல்கள் பழையபடி தூங்கும். பேக்கப் பக்கத்திலோ, அதற்கென்றே சில மாடல்களில் உள்ள ஜெனரேட்டர் இணைப்பிலோ சேர்ந்தால்தான் மேலே சொன்னதெல்லாம் நடக்கும். அடுத்து அளவு: மைக்ரோ இன்வெர்ட்டர்களின் மொத்தத் திறன் ஹைபிரிட் இன்வெர்ட்டரின் திறனைத் தாண்டக் கூடாது. தண்ணீர் மோட்டாரை நிறுத்தும் நொடியில் அத்தனை மின்சாரமும் அதன் மேல் வந்து விழும். தாளம் மாறி மாடிக்குச் செய்தி எட்டுவதற்கு முன் அதைத் தாங்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே உள்ள சாதாரண யூ.பி.எஸ் இன்வெர்ட்டரோடு இதை முயலவே கூடாது. திரும்பி வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அறிவு அதற்கு இல்லை. மின்வாரியத்துக்குத் தெரியப்படுத்தி, தெரிந்த ஆளை வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

நேர்திசையிலிருந்து மாறுதிசை, மறுபடி நேர்திசை, மறுபடி மாறுதிசை என்று மாறி மாறிப் போவதில் சேதாரம் உண்டு. மாடியிலிருந்து பேட்டரிக்குப் போன 10 யூனிட்டில் எட்டரை யூனிட் வரைதான் இரவில் கைக்கு வரும். இந்தச் சேதாரத்தைத் தவிர்ப்பதற்காக நல்ல நிலையில் உள்ள பேனல்களையும் பெட்டிகளையும் கழற்றிப் போடுவதைவிட இந்த இழப்பு மேல் என்பது என் எண்ணம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இரவில் பேட்டரி முழுவதும் தீர்ந்து ஹைபிரிட் இன்வெர்ட்டர் அணைந்துவிட்டால், காலையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் பயனில்லை. பேனல்கள் தாளத்துக்காகக் காத்திருக்கும். தாளம் போட வேண்டிய இன்வெர்ட்டர் மின்சாரத்துக்காகக் காத்திருக்கும். புயல் எச்சரிக்கை வந்த நாளில் பேட்டரியை நிரப்பி வையுங்கள். அடியில் ஐந்தில் ஒரு பங்கை, என்ன ஆனாலும், விடியும் வரை தொடாதீர்கள்.