படிப்பும் படைப்பும்: மாணவர் நேரத்தைப் பகுத்துக்கொள்ளும் முறை

பேராக் மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மலேசியாவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றுள் பல, இரப்பர்த் தோட்டங்களில் தோன்றியவை. அவற்றிலிருந்து ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் முதலிய ஊர்களின் இடைநிலைப்பள்ளிகளுக்குச் செல்லும் மாணவருள் கதை எழுதுவோரும் ஓவியம் தீட்டுவோரும் பரதமும் மிருதங்கமும் பயில்வோரும் உள்ளனர். அவர்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு: “முதலில் தேர்வு முடியட்டும்.”

இவ்வறிவுரை அக்கறையில் பிறந்தது. தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்துக்குக் கல்விச் சான்றிதழே கைம்முதல். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டபின், எதிர்பார்ப்பு முழுதும் எஸ்.பி.எம். தேர்வின்மீது குவிந்தது. ஆயினும் ஒரு தேர்வு முடிந்தால் அடுத்தது வருகிறது. ஒத்திவைத்த கலை பலருக்கு மீண்டும் கைகூடுவதில்லை. ஆகவே, இரண்டையும் ஒரே வாரத்துக்குள் அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதே இங்கு நாம் ஆராயும் வினா.

ஈப்போவில் ஒரு சான்று

‘லாட்’ எனும் பெயரால் நாடறிந்த கேலிச்சித்திரக் கலைஞர் முகமது நோர் காலிட், 1951-இல் கோப்பெங் அருகேயுள்ள கோத்தா பாருவில் பிறந்தவர். ஈப்போ அண்டர்சன் பள்ளியில் பயின்றவர். 1964-இல் அவருடைய முதல் சித்திரக்கதை நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 13. 1968-இல், பள்ளி மாணவராக இருக்கும்போதே, ‘பெரித்தா மிங்கு’ ஞாயிறு இதழில் ‘கெலுவார்கா சி மாமாட்’ எனும் தொடரை வரையத் தொடங்கினார். அது 26 ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்தது.

இச்சான்றின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பள்ளியிறுதித் தேர்வில் அவர் மூன்றாம் நிலையிலேயே தேறினார். ஆறாம் படிவம் செல்ல அது போதவில்லை. கோலாலம்பூரில் குற்றச்செய்தி நிருபராகப் பணியாற்றிய பின்னரே, 1974-இல் நாளிதழின் முழுநேரக் கேலிச்சித்திரக்காரரானார். எல்லா மாணவர்க்கும் அத்தகைய வாயில் திறப்பதில்லை. எனவே, ‘கலை போதும், மதிப்பெண் வேண்டா’ என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம் அன்று. வாரந்தோறும் ஒப்படைக்க வேண்டிய ஓர் இடம் இருந்தமையால் அவரது கலை தொடர்ந்தது என்பதே பாடம்.

தமிழ் ஏடுகள் அளித்த இடம்

நம் இலக்கிய வரலாறும் இதையே காட்டுகிறது. 1950-களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியை மாணவர் எழுத்துக்கென ஒதுக்கியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர் பலர் இவற்றில் எழுதிப் பழகியவர்களே. ஏட்டுக்கு அனுப்பவேண்டும் என்ற எண்ணம், எழுதும் நேரத்தைத் தானே தேடிக்கொள்ளச் செய்தது.

பால்வெட்டுத் தொழில் கற்பிப்பது

நேரத்தைப் பகுப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. பால்மரத்தை விடியற்பொழுதில் வெட்டுவர். அப்போது மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். பட்டையை மெல்லியதாகவே சீவுவர்; ஆழ வெட்டினால் மரம் கெடும். ஒருநாள் வெட்டி ஒருநாள் ஓய்வளிப்பதும் வழக்கம். உரிய பொழுது, சிறிய அளவு, இடையில் ஓய்வு ஆகிய இம்மூன்றும் மாணவர்க்கும் பொருந்துவன.

முதலாவது, உரிய பொழுது. விடியுமுன் பேருந்தேறிப் பிற்பகலில் வீடு திரும்பும் மாணவர், வீட்டுப்பாடம் முடிந்து நள்ளிரவில் எழுத அமர்ந்தால் படிப்பும் கெடும், எழுத்தும் கெடும். மனம் தெளிந்திருக்கும் மாலைப்பொழுதொன்றை முன்னரே குறித்துக்கொள்க.

இரண்டாவது, சிறிய அளவு. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் என்றால், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஒரு மாதத்தில் ஒரு சிறுகதையை எழுதித் திருத்த இது போதும். விடுமுறை நாளில் ஒரே மூச்சில் எழுதிவிடலாம் எனக் காத்திருப்பவர், விடுமுறையிலும் எழுதுவதில்லை.

மூன்றாவது, ஓய்வு. கலையும் பாடமும் இல்லாத மாலை ஒன்றேனும் வாரத்தில் வேண்டும்.

கலைக்குக் கலை தேவை வேறுபடும். கதையும் கவிதையும் பேருந்துப் பயணத்திலும் மனத்தில் உருவாகும். ஒரு குறிப்பேடு போதும். நடனத்துக்கும் இசைக்கும் ஆசிரியரும் இடமும் உடலுழைப்பும் தேவை. போய்வரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். நாடகத்துக்கு அரங்கேற்றம் நெருங்கும் வாரங்களில் வேலை பெருகும். ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே தேர்வு நாள்களையும் போட்டி நாள்களையும் ஒரே நாட்காட்டியில் எழுதி, இரண்டும் மோதும் வாரத்தைக் கண்டறிதல் நலம்.

தேர்வுக்காலத்தில் கலையைக் குறைக்கலாம். அறவே நிறுத்துதல் வேண்டா. நாற்பது நிமிடம் பதினைந்தாகட்டும். புதிய கதை தொடங்காவிடினும் பழையதொன்றில் ஒரு பத்தியைத் திருத்தலாம். பழக்கம் அறுந்துவிட்டால் மீண்டும் தொடங்குவதற்கே பல வாரங்கள் செலவாகும். அதே வேளையில், பாடத்தில் பின்தங்கிய மாணவர் போட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஆசிரியர் செய்யத்தக்கவை

நேரம் பகுத்தலை மாணவரின் ஒழுக்கமாக மட்டும் கருதுதல் முறையன்று. நான்கு ஆசிரியர்கள் ஒரே நாளில் பயிற்சிகளைக் கேட்டால், எந்த அட்டவணையும் நிலைக்காது. அவர்கள் கலந்து பேசி நாள்களைப் பிரித்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை சுவரிதழோ கையெழுத்து ஏடோ வெளியிட்டால், மாணவரின் படைப்பை ஒப்படைக்க ஓர் இடம் கிட்டும். அன்று நாளேடுகள் செய்த பணியை இன்று ஒரு வகுப்பறைச் சுவர் செய்யலாம். அதற்கு ஆசிரியர் தரவேண்டியவை ஒரு குறித்த நாளும், வந்த எழுத்தைப் படித்துக் கருத்துக்கூறும் சிறிது நேரமுமே.