மாற்றமும் மாறாமையும்

‘கருத்தை மாற்றிக்கொண்டான்’ என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், நம் நாட்டில் அது பெரும்பாலும் வசைமொழியாகவே கருதப்படுகிறது. அதற்குக் காரணமும் உண்டு. பதவிக்கும் பணத்துக்கும் தக்கபடி நிறம் மாறுவோரை நாள்தோறும் கண்டு வருகிறோம். ஆயினும், நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லுவதும், நேற்று அறிந்ததற்கு மேல் இன்று ஒன்றும் அறியாதிருப்பதும் உறுதியாகிவிடுமா? மனிதனிடத்தில் மாற வேண்டியது எது? மாறக்கூடாதது எது? இவ்விரண்டையும் பிரித்தறியக் கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நமக்குத் துணைசெய்யும்.

1880-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், காவிரிக் கரையிலுள்ள கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக ஓர் இளைஞர் அமர்ந்தார். வயது 25, சம்பளம் மாதம் 50 ரூபாய். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்புக்குப் பாத்திரமானவர். தியாகராச செட்டியார் தாம் வகித்துவந்த ஸ்தானத்துக்கு இவரே ஏற்றவரென்று தெரிந்தெடுத்தார். இத்தகையவருக்குத் தம் படிப்பைப் பற்றிச் சிறிது பெருமிதம் இருந்திருந்தால் அதில் வியப்பென்ன? அவரே உ. வே. சாமிநாதையர்.

அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தார். நம் தேசத்தின் குறைகளை இங்கிலாந்து மக்கள் முன் எடுத்துரைக்க 1885-இல் கடல் கடந்து சென்ற மூன்று பிரதிநிதிகளுள் ஒருவர் இவர். அக்டோபர் 21-ஆம் தேதி ஐயர் அவரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்திலோ மகிழ்ச்சியின் சாயையும் தோன்றவில்லை. இவற்றாலெல்லாம் என்ன பயன் என்றார். இவற்றுக்கு மூலமான பழைய நூல்களை, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை இவற்றைப் படித்ததுண்டா என்றும் கேட்டார். ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடஞ் சொன்னதில்லை.

நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? வழக்குத் தீர்க்கும் உத்தியோகஸ்தருக்குத் தமிழின் அருமை எங்ஙனம் தெரியுமென்று முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்போம். ஐயர் புண்பட்டார்; ஆனால் புண்பட்ட மனத்தை அறிவுக்குப் பகையாக்கவில்லை. மீண்டும் சென்றார். முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியைப் படிக்கப் புகுந்தார். எல்லாம் கற்றோமென்றிருந்தவர் மீண்டும் மாணாக்கரானார்.

அந்நூலோ ஜைன காவியம்; ஐயரோ திருநீறணிந்த சைவர். சமய வழக்குகள் விளங்காது இடர்ப்பட்டபோது, அவ்வூரிலேயே வாழ்ந்த ஜைனர்களின் வீடு தேடிச் சென்று கேட்டறிந்தார். ஏழாண்டு உழைப்பின் பின், 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும் தொடர்ந்தன. 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபொழுது, பௌத்த தர்மத்தையும் கற்றாக வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தில் உள்ளவற்றைக் காலேஜ் ஆசிரியர் ரங்காசாரியாரிடம் கேட்டுணர்ந்து, புத்தர் சரித்திரத்தையும் தமிழில் எழுதிச் சேர்த்தார்.

எதிர்ப்பு வாராதிருக்குமா? சைவர் ஒருவர் ஜைன நூலைப் பரப்பலாமா என்றனர் சிலர். பதிப்பில் குற்றங் கூறித் துண்டுப் பிரசுரங்களும் கிளம்பின. ஐயர் மறுப்பு எழுதினார். அதைப் பார்த்த கல்லூரி நண்பரொருவர், இதற்குச் செலவிடும் பொழுதை அடுத்த நூலுக்குச் செலவிடும்படி சொல்லி, எழுதியதைக் கிழித்தெறிந்தார். ஐயர் அதையும் ஏற்றுக்கொண்டார்.

இவ்வளவு மாறியவரிடத்தில் மாறாதது என்ன? முதலாவது, இளமையில் பற்றிய தமிழ்; அதைப் பிறிதொன்றுக்காக அவர் விட்டதில்லை. இரண்டாவது, தம் சமயம். பிறர் சமயத்தைக் கற்றமையால் அவர் திருநீறு அழிந்துவிடவில்லை. மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, நன்றி. பழைய காவியங்களைக் கண்டுகொண்டபின், ‘ஐயோ! அந்தாதியிலும் புராணத்திலும் ஆசிரியர் என் காலத்தை வீணாக்கினாரே!’ என்று அவர் சொல்லியிருக்கலாம். உலகமும் நம்பியிருக்கும். அவர் அங்ஙனம் சொல்லவில்லை. ஆசிரியர் மறைந்தது 1876-இல். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றபின், 1933-லும் 1934-லும், தம் முதுமைப் பருவத்தில், அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார்.

பொதுவாழ்வில் ஈடுபட்டோர் கருதத்தக்கது இது. ஒருவர் கருத்து மாறும்போது அது வளர்ச்சியா, சந்தர்ப்பவாதமா என்று தடுமாறுகிறோம். இரண்டு கேள்விகள் போதும். அந்த மாற்றம் அவருக்கு ஊதியத்தைக் கொணர்ந்ததா, உழைப்பைக் கொணர்ந்ததா? தம்மை வளர்த்தவர்களை அவர் இன்று தூற்றுகிறாரா, போற்றுகிறாரா? ஐயருக்குச் சிந்தாமணி கொணர்ந்தது ஏழாண்டு உழைப்பும் ஏச்சுமே.

இக்கேள்விகளைப் பிறரிடம் கேட்பதற்கு முன் நம்மிடமே கேட்டுக்கொள்வது நலம். நம் அறியாமையைச் சுட்டிக்காட்டும் ஒருவர் என்றாவது ஒருநாள் நமக்கு எதிரே அமர்வார். அவரிடம் மறுநாளும் செல்லும் துணிவு நமக்கு உண்டா? சென்று கற்றபின், பழைய ஆசிரியரை மறவாத பண்பு உண்டா? இவ்விரண்டும் உள்ளவன் எவ்வளவு மாறினாலும் தன்னை இழக்கமாட்டான்.