வலிக்காத புண்தான் ஆபத்தான புண்
நீரிழிவு உள்ளவர் பாத அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

கால் விரல் ஒன்றை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்புகிறார். இருபது ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்பவர். மறுநாள் காலையில் சமையலறை வரை தானே நடந்து வந்து, "கொஞ்சங்கூட வலிக்கல, ஆறிப்போச்சு போல" என்கிறார். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. உண்மையில், அன்று அவர்கள் கவலைப்பட்டிருக்க வேண்டும். பாதத்தில் வலி தெரியாமல் போனதால்தான் அவர் அந்த விரலையே இழந்தார்.

2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு உள்ளது. 'இனிப்புநீர்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்நோய் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பாதப் புண்ணும் புதிதல்ல. ஆனால் அறுவைக்குப் பின் வீட்டில் கழியும் வாரங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மீதமுள்ள பாதம் பிழைக்குமா என்பது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் முடிவாகிறது.

வலி எங்கே போனது?

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்தால் நரம்புகள் பழுதடையும். உடலின் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகவே, பாதிப்பு முதலில் விரல் நுனிகளில் தொடங்குகிறது. முதலில் எரிச்சல், பிறகு மரமரப்பு, கடைசியில் ஒன்றுமே தெரியாத நிலை.

உணர்ச்சியற்ற பாதத்துக்கு என்ன நேர்கிறது என்பதை உலகுக்கு விளக்கியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர். தொழுநோய்தான் சதையை அழுகச் செய்கிறது என்று பலரும் நம்பிய காலம் அது. நோயாளிகளை அருகிலிருந்து கவனித்த அவர் வேறொன்றைக் கண்டார். வலி தெரியாததால் அவர்கள் காயத்தின் மீதே நடந்தார்கள். சூடான பாத்திரத்தைக் கையால் பிடித்தார்கள். விரல்களை அழித்தவை இந்தக் கவனிக்கப்படாத காயங்களே. பின்னர் அமெரிக்கா சென்ற அவர், இதே பாடம் நீரிழிவுப் பாதத்துக்கும் பொருந்தும் என்று காட்டினார். வலி என்பது காவலாளி. அந்தக் காவலாளி இல்லாத வீட்டில் நாம்தான் விழித்திருக்க வேண்டும்.

புண் ஆற மூன்று தடைகள்

வெட்டுப்பட்ட இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. அடுத்த சில நாள்களில் வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த திசுக்களையும் அகற்றுகின்றன. பிறகு புதிய ரத்தக் குழாய்களும் 'கொலாஜன்' என்ற புரத இழைகளும் உருவாகி இடைவெளியை நிரப்புகின்றன. அந்த இழைகள் இறுகி வலுப்பெற மாதங்கள் ஆகும். முழுதாக ஆறிய தழும்புகூடப் பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டையே எட்டும்.

நீரிழிவு இந்த வேலையை மூன்று வழிகளில் தடுக்கிறது. சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. காலின் ரத்தக் குழாய்கள் குறுகி, ஆக்சிஜன் போதிய அளவு வந்து சேர்வதில்லை; புகைப்பிடிப்பவருக்கு இது இன்னும் மோசம். மூன்றாவது தடை, வலி தெரியாததால் புண்ணின் மீதே காலை ஊன்றுவது. இந்த மூன்றாவது தடையை நீக்குவது முழுக்க நம் கையில் இருக்கிறது.

"நாலு அடிதானே!"

முன்பாதத்தில் பாரம் விழாமல் காக்கும் சிறப்புக் காலணியை மருத்துவமனையில் கொடுத்திருப்பார்கள். வெளியே போகும்போது பலரும் அதை அணிகிறார்கள். நள்ளிரவில் கழிவறைக்குப் போகும்போது? "நாலு அடிதானே" என்று வெறுங்காலோடு போய்விடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. கழிவறைக்குப் போக 10 அடி, வர 10 அடி. நாளுக்கு 8 தடவை என்றால் 160 அடி. அதில் பாதி, 80 அடி, புண்ணுள்ள காலில் விழுகிறது. உடல் எடை 60 கிலோ என்றால், ஒரே நாளில் அந்தப் பாதம் கொஞ்சங்கொஞ்சமாகச் சுமப்பது 4,800 கிலோ. புதிதாக முளைக்கும் மெல்லிய இழைகள் ஒவ்வோர் அடியிலும் நசுங்குகின்றன. வலி தெரிந்தவர் மூன்றாவது அடியிலேயே நின்றிருப்பார்.

எனவே, காலணியும் கைத்தாங்கியும் இரவில் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். படுக்கை அருகில் சிறுநீர்ப் பாத்திரம் வைப்பதில் வெட்கம் வேண்டாம். தரை விரிப்புகளைச் சுருட்டி வையுங்கள். படுக்கும்போது குதிகால் மெத்தையில் அழுந்தாமல், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாம். குதிகாலிலும் புதிய புண் வரக்கூடும். காலை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலை அதிகம் உயர்த்துவது நல்லதல்ல.

சர்க்கரைக் கருவி ஓர் எச்சரிக்கை மணி

அறுவை சிகிச்சை உடலுக்கு ஓர் அதிர்ச்சி. அப்போது சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை உயர்த்துகின்றன. கிருமித் தொற்றும் அதையே செய்கிறது. நீரிழிவு உள்ளவருக்குத் தொற்று ஏற்பட்டாலும் காய்ச்சல் வராமலே போகலாம். ஆனால் சாப்பாடும் மருந்தும் மாறாமல் இருக்க, சர்க்கரை மட்டும் காரணமின்றி ஏறினால், கட்டுக்கு உள்ளே ஏதோ நடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. பசியில்லாமல் சாப்பாட்டை விட்டுவிட்டு, வழக்கமான இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை சரிந்துவிடும். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால், அல்லது வியர்வையும் நடுக்கமும் வந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999ஐ அழையுங்கள். மருந்தைத் தானாகக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடாது. சிறுநீரகம் பழுதானவர்கள் கடையில் வலி மாத்திரை வாங்குமுன் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பத்தியமா, புரதமா?

"முட்டை கூடாது, கோழி கூடாது, மீன் தின்றால் சீழ் பிடிக்கும்" என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் கொலாஜன் ஒரு புரதம். கஞ்சியும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் அதைக் கட்ட உடலுக்குச் சரக்கு இருக்காது. மலாய் அண்டை வீட்டார் அறுவைக்குப் பின் 'ஹாருவான்' சாப்பிடச் சொல்வார்கள். நம் விரால் மீன்தான் அது, புரதம் நிறைந்தது. முட்டை, கோழி, பருப்பு, தௌஃபு எல்லாமே உதவும். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உண்மையில் தடுக்க வேண்டியவை, பார்க்க வருபவர்கள் வாங்கி வரும் இனிப்பு பானங்களும் பழச்சாறு டின்களும்தான்.

கட்டும் குளியலும்

கட்டு நனையக்கூடாது. காலை நெகிழிப் பையில் நன்றாகச் சுற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலை இன்னொரு முக்காலியில் தூக்கி வைத்துக் குளிக்கலாம். நனைந்துவிட்டால் காயும்வரை காத்திருக்க வேண்டாம். கட்டை மாற்ற வேண்டும். புண்ணில் மஞ்சள் தூள், காப்பித் தூள், பற்பசை எதையும் பூசாதீர்கள். வெந்நீரில் காலை ஊற வைப்பதும் வேண்டாம். சூடு தெரியாத கால் வெந்த பிறகே நமக்குத் தெரியும்.

சிவப்பு பரவுவது, வீக்கம், சீழ், கெட்ட வாடை, விரலோ தோலோ கறுப்பது, தையல் விரிவது, காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்: இவற்றில் எது வந்தாலும் அடுத்த தவணை நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்னொரு காலை மறக்காதீர்கள்

ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்தால், மற்றது இரட்டிப்பாக உழைக்கிறது. அதற்கும் அதே நரம்பு, அதே ரத்தக் குழாய். தினமும் இரவில், வீட்டில் ஒருவர் இரண்டு பாதங்களின் அடிப்பகுதியையும் விரல் இடுக்குகளையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். தனியாக இருப்பவர் கண்ணாடியில் பார்க்கலாம், கைப்பேசியில் படம் எடுத்தும் பார்க்கலாம்.

புண் ஆறிய பிறகும் இந்தப் பழக்கம் தொடர வேண்டும். வீட்டுக்குள்ளும் காலணி போடுவது நம் வழக்கத்துக்கு ஒவ்வாததுபோல் தோன்றும். வீட்டுக்கென்று தனி ஜோடி வைத்துக்கொண்டால் சிக்கல் தீரும். பத்துமலையின் 272 படிகளை வெறுங்காலில் ஏறுவதாக நேர்ந்துகொண்டவர்கள், அதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. வெயிலில் கொதிக்கும் தரையை அந்தப் பாதம் உணராது.

"வலிக்குதா?" என்று கேட்பதுதான் நம் வழக்கம். இந்த நோயாளியிடம் அந்தக் கேள்வியால் பயனில்லை. "காலைக் காட்டுங்கப்பா, பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள்.