பேட்டரி 99 சதவீதம்: திரை சொல்வதும் சொல்லாததும்

வாக்கு எண்ணும் முகவர்களின் பட்டியலை 18-ஆம் படிவத்தில் கொடுக்க, எண்ணிக்கை நாளுக்கு மூன்று நாள் முன்பு மாலை 5 மணி வரைதான் அவகாசம். பட்டியலில் பெயர் ஏறப்போகிறவர்கள் திட்டக்குடி (தனி) தொகுதியிலிருந்து எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. வாக்குப்பதிவு மெஷினின் கண்ட்ரோல் யூனிட் திரை பேட்டரி 99 சதவீதம் என்று காட்டினால், அது மாற்றி வைத்த மெஷினா?

சந்தேகம் ஹரியாணாவிலிருந்து வந்தது. 2024 அக்டோபர் 8-ஆம் தேதி அங்கே எண்ணிக்கை நடந்தபோது சில யூனிட்களில் 99, சிலவற்றில் 60, 70 என்று தெரிந்ததாகக் காங்கிரஸ் புகார் கொடுத்தது. ஆதாரமற்றது என்று தேர்தல் ஆணையம் அதைத் தள்ளியது. ஆனால் அந்த 99 எப்படி வருகிறது என்ற விளக்கம், சண்டை மூண்ட பிறகுதான் ஆணையத்தின் கேள்வி-பதில் தொகுப்பில் இடம்பிடித்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் புகார் எழுந்திருக்காது.

விளக்கம் இதுதான். யூனிட்டுக்குள் இருப்பது ஆல்கலைன் பேட்டரி. செல்போனில் உள்ளதுபோல் சார்ஜ் ஏற்ற முடியாது. புதிதாகப் போடும்போது அதன் மின்னழுத்தம் 7.5 முதல் 8 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். 7.4 வோல்ட்டுக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் திரை 99 என்றே காட்டும். அதற்குக் கீழே இறங்கினால்தான் 98, 97 என்று எண் நகரத் தொடங்கி 10 வரை போகும். 5.8 வோல்ட்டை நெருங்கும்போது பேட்டரியை மாற்றச் சொல்லி எச்சரிக்கை வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் யூனிட் 8 வோல்ட்டில் தொடங்கி, நாள் முடிவில் 7.5-க்கு வந்துவிட்டது. அரை வோல்ட் இழந்தும் திரையில் 99. இரண்டாவது 7.5-இல் தொடங்கி 7.2-க்கு வந்தது. இழந்தது 0.3 வோல்ட்தான். எண் சீராகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் அதன் திரை 87-ஐ ஒட்டிக் காட்டும். குறைவாக இழந்தது தேய்ந்ததாகத் தெரிகிறது. அதிகம் இழந்தது தொடாததாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, ஆல்கலைன் பேட்டரியை அணைத்து வைத்தால் மின்னழுத்தம் சற்று மீளும். வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே பெட்டி பாதுகாப்பு அறையில் சும்மாதானே கிடக்கிறது!

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. புதுப் பேட்டரிகளுக்கு இடையிலுள்ள சின்ன வித்தியாசம் திரையில் தெரியாததால், காலையில் மாதிரி வாக்குப்பதிவின்போது அதைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் காலையில் தவிர்த்த வம்பு, எண்ணும் மேசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சதவீதம் என்று போட்டுவிட்டால் அளந்து சொன்னதாகத்தான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். இந்த 99 அளவே அல்ல, உச்சவரம்பு. எலெக்ட்ரீஷியன் கையிலுள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர் தன் எல்லையைத் தாண்டினால் எண் காட்டாது, 'ஓ.எல்.' என்று எழுத்தில் சொல்லிவிடும். அந்த நேர்மை இங்கே இல்லை. வோல்ட்டை அப்படியே காட்டலாம். அல்லது 'போதும்', 'மாற்றவும்' என்று இரண்டே சொற்களில் முடித்திருக்கலாம். வாக்குச்சாவடி அதிகாரிக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஆகவே 99-ஐ வைத்து மெஷின் மாறியது என்றும் சொல்ல முடியாது, மாறவில்லை என்றும் சொல்ல முடியாது.

மற்ற கேள்விகள்:

பேட்டரி தீர்ந்தால் ஓட்டு அழியுமா? அழியாது, பதிவு நினைவகத்தில் இருக்கிறது, அதற்கு மின்சாரம் வேண்டாம்.

'இன்வேலிட்' என்று வந்தால் செல்லாத ஓட்டா? இல்லை; பட்டனை வரிசை மாற்றி அழுத்தியிருக்கிறார்கள்.

'பிஸி' விளக்கு எரிந்தால் கோளாறா? ஒரு வாக்காளருக்கு அனுமதி கொடுத்தாயிற்று, அவர் இன்னும் பட்டன் அழுத்தவில்லை என்று பொருள்.

எண்ணும்போது திரையில் முடிவே வராவிட்டால்? யூனிட்டைத் தனியே ஒதுக்குவார்கள். வெற்றி வித்தியாசம் அதில் பதிவான ஓட்டுகளைவிட அதிகமில்லை என்றால் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள்.

மெஷினையே சோதிக்கச் சொல்லலாமா? 2024 ஏப்ரல் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் கேட்கலாம். தொகுதியில் 5 சதவீத மெஷின்களுக்கு மட்டும், செலவு அவர்களுடையது.

முகவர்கள் மேசைக்குக் கொண்டுபோக வேண்டியது 17சி படிவத்தின் நகல். வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் உங்கள் கட்சியின் சாவடி முகவரிடம் கொடுத்தது அது. யூனிட்டின் வரிசை எண், சீல் எண்கள், மொத்த ஓட்டு ஆகிய மூன்றையும் அதோடு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும், 'ரிசல்ட்' பட்டனை அழுத்துவதற்கு முன்பே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.