பாசியின் விஷமும் வயலின் உரமும்

நீலப்பச்சைப் பாசி நம் அங்கத்தினர்களுக்குப் புதிய பொருளன்று. நெல் வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்து மண்ணுக்கு ஊட்டும் நண்பனாகவே அதனை நாம் அறிவோம். அசோலாவின் இலைக்குள் குடியிருந்து அப்பணியைப் புரிவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆயினும், இவ்வினத்தின் வேறு சில வகைகள் ஏரி குளங்களில் மிதமிஞ்சிப் பெருகி நீரை விஷமாக்கும் தன்மை உடையன. அவை எந்நிலையில் விஷம் உண்டாக்குகின்றன என்பதை அறிதல் உழவர்க்கும் நெசவாளர்க்கும் ஒருங்கே அவசியமாகும். ஏரி நீர் இருவர்க்கும் பொதுவன்றோ?

இவ்வபாயம் நெடுங்காலமாக அறியப்பட்டதே. ஆஸ்திரேலியாவின் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் இத்தகைய பாசி ஏடாகப் படிந்து, அந்நீரைப் பருகிய கால்நடைகள் மாண்டதை 1878-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

நம் காலத்தில் நிகழ்ந்தது ஒன்றைக் கூறுவோம். அமெரிக்காவின் ஈரீ ஏரிக்கரையில் டொலீடோ என்னும் நகரம் உள்ளது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி, குழாய் நீரைப் பருக வேண்டாம் என்று அந்நகரத்தார் எச்சரிக்கப்பட்டனர். ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் மூன்று நாட்கள் குடிநீரின்றி இடர்ப்பட்டனர். காய்ச்சிப் பருகலாமே எனில், அதுவும் கூடாதென விலக்கப்பட்டது. ஏனெனில் இவ்விஷம் கொதியில் அழிவதில்லை. நீர் ஆவியாகச் சுண்டுந்தோறும் அதன் செறிவு மிகுதியாகின்றது.

அவ்விஷத்தின் பெயர் மைக்ரோசிஸ்டின். மைக்ரோசிஸ்டிஸ் என்னும் பாசி அதனை உண்டாக்குகின்றது. அது கல்லீரலைத் தாக்குவது. குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் 10 லட்சத்தில் ஒரு பங்கு என்பதே உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள வரம்பு. ஒரே தோற்றமுள்ள பாசிகளுள் சிலவற்றுக்கே விஷம் உண்டாக்கும் மரபணுக்கள் உள. கண்ணால் நோக்கி இது தீயது, இது தீதற்றது எனப் பிரித்தறிதல் இயலாது, பரிசோதனையே வழி.

இப்பாசி செழிக்கும் சூழ்நிலை யாது? 25 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம், அசைவற்ற நீர், நிறைந்த வெயில் ஆகியவை அதற்கு உகந்தவை. அதன் உயிரணுக்களில் காற்றறைகள் இருப்பதால் அது மேலே மிதந்து ஒளியைத் தானே கவர்ந்துகொள்ளும். இவற்றுக்கு மேலாக அதற்கு வேண்டுவது உணவு. மணிச்சத்து மிகுந்தால் பாசியின் பெருக்கம் மிகும். தழைச்சத்தோ விஷத்தின் அளவையும் நிர்ணயிக்கின்றது. பரவலாகக் காணப்படும் மைக்ரோசிஸ்டின் வகையொன்றின் ஒரு மூலக்கூற்றில் 10 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. காற்றிலிருந்து தழைச்சத்தைக் கவரும் திறன் மைக்ரோசிஸ்டிஸுக்கு இல்லை; நீரில் கரைந்துள்ளதையே அது நம்பி வாழ்கின்றது. அது குன்றினால் விஷ உற்பத்தியும் குன்றும். பாவும் ஊடையும் கூடித் துணியாவது போல, இவ்விரு சத்துக்களும் கூடியே இக்கேட்டினை நெய்கின்றன.

பாசியைக் கண்டவுடன் மயில்துத்தம் இட்டுக் கொன்றுவிடலாம் என எண்ணுவோர் உண்டு. விஷத்தின் பெரும்பகுதி பாசியின் உயிரணுவுக்குள்ளேயே அடங்கியிருப்பது. பாசி திடீரென மடிந்தால் அது முழுவதும் நீரில் கலந்துவிடும். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர்த் தேக்கத்தின் பாசிக்குத் துத்தம் இட்டபின் 148 பேர் நோயுற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். அங்குக் கேடு விளைத்தது வேறொரு பாசியும் வேறொரு விஷமுமாம். எனினும் பாடம் ஒன்றே.

ஈரீ ஏரிக்கு அச்சத்துக்கள் எங்கிருந்து வந்தன? 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்து, நகரக் கழிவுகளால் ஏரியில் சேரும் மணிச்சத்தைக் குறைத்தன. பாசியும் குறைந்தது. ஆனால் 1990-களின் பிற்பகுதி தொட்டு அது மீண்டும் தலையெடுத்தது. வயல்களில் மேலாகத் தூவிய உரம் மழையில் கரைந்து மௌமீ ஆற்றின் வழியே ஏரியை அடைந்ததே தலையாய காரணம் எனக் கண்டனர். 2015-ல் ஒஹாயோ மாநிலம், உறைபனி மூடிய நிலத்திலும் நீர் ஊறிய நிலத்திலும் உரமிடுதலை அப்பகுதியில் சட்டத்தால் தடுத்தது. ஏரியின் மேற்பகுதிக்குச் செல்லும் மணிச்சத்தை 2008-ஆம் ஆண்டின் அளவினின்றும் 100-க்கு 40 பங்கு குறைப்பதென 2016-ல் இரு நாடுகளும் குறிக்கோள் வகுத்தன.

இதனால் நாம் அறிவது யாதெனில், வயலை விட்டு ஓடும் உரம் உழவனுக்கு நஷ்டம், ஏரிக்கு நஞ்சு. மண்ணைச் சோதித்து அளவறிந்து உரமிடுதல், மேலே தூவாது மண்ணோடு கலத்தல், மழை வருங்குறி கண்டால் நிறுத்துதல், வரப்பை உயர்த்தி நீர் வழியாது காத்தல் ஆகியவை செலவில்லா முறைகள். பச்சை ஏடு படிந்த நீரில் கால்நடைகளை இறக்காதீர்கள். குழந்தைகளையும் நீராட விடாதீர்கள். துத்தம் இடவும் வேண்டாம். நீரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஒருவர் மட்டும் தம் வரப்பைக் காத்தால் ஏரி தூயதாகிவிடாது. ஊர் கூடினால்தான் தேர் நகரும். உரம் வாங்குவதில் ஒன்றுபட்ட நாம், அதனை ஏரியில் சேராது காப்பதிலும் ஒன்றுபடுவோமாக.