பிரேக் தட்டின் நிறம் சொல்வது

மரக்கறி ஏற்றிய வான் தலவாக்கலையிலிருந்து அட்டன், கினிகத்தேனை வழியாக இறங்கும்போது முன்சில்லுகளின் பிரேக் தட்டுகள் கடுமையாகச் சூடேறுகின்றன. இரவு மழையில் நனைந்த தட்டில் காலையில் தெரியும் செந்துருவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நாலைந்து முறை பிரேக் பிடித்தால் தேய்ந்து போகும். நீலம் படர்ந்திருந்தால் அது அளவுமீறிய சூட்டின் அடையாளம். ஒரு பக்கம் மட்டும் நீலமானால், அந்தச் சில்லின் பிரேக் விடுபடாமல் இறுகி நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே நீலமென்றால் பெரும்பாலும் குறை சாரதியின் காலில்தான்: இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே வந்திருப்பார்.

தட்டு நன்றாக ஆறியபின் விளிம்பை நகத்தால் தடவுங்கள். வரம்பு போல மேடு தட்டுப்பட்டால் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு வரை மெலியலாம் என்பது பெரும்பாலும் தட்டிலேயே மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனதையும் வெடிப்பு ஓரம்வரை ஓடியதையும் கடைந்து தருகிறேன் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.