வெறுங்கதிரையும் பிள்ளைகளின் சிரிப்பும்
அயர்லாந்து வீடுகளின் ஹலோவீன் இரவு உணவு

ஒக்ரோபர் மாதம் முடியும் நாளில் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உங்கள் கைத்தொலைபேசிக்கும் அப்படி ஒரு படம் வந்திருக்கலாம். பேரன் எலும்புக்கூடு வரைந்த உடுப்போடு நிற்பான். பேத்தி முகத்தில் சாயம் பூசிப் பல்லைக் காட்டுவாள். பக்கத்தில் கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காய் ஒன்று, உள்ளே விளக்கோடு இருக்கும்.

"இதென்ன கோதாரி, நல்ல பிள்ளையளைப் பேயாக்கி வைச்சிருக்கிறியள்?" என்று அம்மம்மா கேட்பா.

"அது ஹலோவீன், அம்மா. இஞ்ச எல்லாப் பிள்ளையளும் செய்யிறதுதான்" என்று மகள் சிரிப்பாள்.

கதை பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அம்மம்மாவின் கேள்வி நியாயமானது. சாவை வாசற்படியில் பார்த்தவர்கள் நாம். அதை உடுப்பாகப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் விளையாடும்போது மனம் உறுத்தத்தான் செய்யும். ஆகவே இந்த விழா பிறந்த இடத்தையும், அங்கே ஒரு குடும்பம் அந்த இரவில் என்ன சமைத்து எப்படிச் சாப்பிடுகிறது என்பதையும் இம்மாதம் பார்ப்போம்.

அறுவடை முடியும் இரவு

ஹலோவீன் அமெரிக்கக் கடைகளில் பிறந்த விழா அல்ல. அதன் வேர் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை அங்கிருந்த பழைய மக்கள் "சௌவின்" என்ற பெயரில் கொண்டாடினார்கள். அயர்லாந்து மொழியில் நவம்பர் மாதத்தின் பெயர் இன்றும் அதுதான். அந்த இரவில் இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் இடையிலுள்ள கதவு திறந்து கொள்ளும் என்பது அவர்களின் நம்பிக்கை.

கிறிஸ்தவம் பரவிய பின்னர் நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாளாகவும், நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களை நினைக்கும் நாளாகவும் ஆயின. சகல புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே ஹலோவீன் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள். நமது கத்தோலிக்கச் சகோதரிகள் சேமக்காலைக்குச் சென்று கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றும் நாள் இதே வரிசையில்தான் வருகிறது. அம்மம்மாவுக்குப் புதினமாகத் தெரிந்த விழா, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நடப்பதற்கு இரண்டு நாள் மூத்த உறவு.

பூசணி விளக்கு பின்னர் வந்தது. அயர்லாந்தில் நோக்கோலைப் போன்ற டேர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைத்தார்கள். கெட்ட ஆவிகளை வெருட்டுவதற்காக வைத்தார்கள் என்று சொல்வார்கள். புது வீடு கட்டும்போது நாம் வெருளி கட்டுவதில்லையா, அதுபோலத்தான். அங்கிருந்து அமெரிக்கா சென்றவர்கள், பெரிதாகவும் குடைவதற்கு இலகுவாகவும் இருந்த பூசணிக்காயை எடுத்துக்கொண்டார்கள்.

கிழங்கும் கோவாவும்

இனி மேசைக்கு வருவோம். திருநாளுக்கு முந்திய நாள் மாமிசம் தவிர்க்கும் நாளாக இருந்தது. அதனால் அயர்லாந்தின் ஹலோவீன் உணவு முழுக்க மரக்கறியும் கிழங்கும் பழங்களும்தான். ஏழை வீட்டிலும் கிடைத்த பொருட்கள் அவை.

முதன்மையான உணவு "கொல்கனன்". அவித்து மசித்த உருளைக்கிழங்கோடு கோவா அல்லது கேல் என்ற கீரை சேர்ப்பது இது. ஐந்தாறு பேருக்கு 1 கிலோ உருளைக்கிழங்கு, 250 கிராம் கோவா, 200 மில்லி லீற்றர் பால், 75 கிராம் பட்டர், நாலைந்து வெங்காயத்தாள் போதும். கிழங்கை அவித்துச் சூட்டோடு மசிக்க வேண்டும். கோவாவை மெல்லியதாக வெட்டி உப்புத் தண்ணீரில் அவித்து நன்றாக வடிக்க வேண்டும். வெங்காயத்தாளைப் பாலில் இட்டுச் சூடாக்கிக் கிழங்கில் ஊற்றிக் குழைத்து, கோவாவையும் பட்டரில் பாதியையும் சேர்த்து, உப்பும் மிளகும் போட்டால் சரி. தட்டில் குவித்து நடுவில் குழி செய்து மிகுதிப் பட்டரை அதில் உருக விடுவார்கள். ஓரத்திலிருந்து எடுத்து, அந்தக் குழியில் தோய்த்துச் சாப்பிடுவது வழக்கம்.

இந்தக் காலத்துத் தாய்மார் இதில் விளையாட்டும் சேர்க்கிறார்கள். மசித்த கிழங்கைச் சிறு சிறு கூம்புகளாகக் குவித்து இரண்டு மிளகைக் கண்ணாகப் பதித்தால் வெள்ளைப் பேய் தயார். அவித்த முட்டையில் கறுப்புப் பொட்டு வைத்தால் முழிக்கும் கண். பிள்ளை அந்தப் பேயின் தலையைக் கரண்டியால் வெட்டித் தின்கிறது. பயத்தை ஒரு வாய்க்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாக்கிவிடுவதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

அந்தக் கிழங்குக்கும் ஒரு கதை உண்டு. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகளில் நோய் விழுந்தது. ஏழைகளின் உணவே அதுவாக இருந்ததால் 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறிப் போனார்கள். ஹலோவீனை அமெரிக்காவில் பரவச் செய்ததில் அப்படிப் போனவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஊரை விட்டுப் போனவர்கள் சமையலையும் விளையாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள். அழிந்துபோன அதே கிழங்கு இன்றும் அந்த விழாவின் தட்டில் நடுவில் இருக்கிறது.

மோதிரம் யாருக்கு?

சாப்பாட்டுக்குப் பின் வருவது "பார்ம்பிராக்". புள்ளி போட்ட பாண் என்பது அந்தப் பெயரின் பொருள். வெட்டும்போது முந்திரிகை வற்றல்கள் புள்ளிகளாகத் தெரியும். பழைய முறையில் ஈஸ்ற் போட்டுப் பொங்க விடுவார்கள். வீட்டில் இலகுவாகச் செய்வது தேநீரில் ஊறவைக்கும் முறை.

350 கிராம் முந்திரிகை வற்றலை 300 மில்லி லீற்றர் கடும் சாயத்தில் இரவு முழுதும் ஊறவிடுங்கள். காலையில் 200 கிராம் சிவப்புச் சீனியும் அடித்த முட்டை ஒன்றும் சேருங்கள். 225 கிராம் கோதுமை மாவுடன் 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும், கறுவாத்தூளும் சாதிக்காய்த்தூளுமாக 1 தேக்கரண்டியையும் கலந்து அரித்து அதில் இட்டுக் கிளறுங்கள். மாஜரீன் பூசிய தட்டில் ஊற்றி 170 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றேகால் மணி நேரமளவில் வேகவிடுங்கள். ஈர்க்கால் குத்திப் பார்த்தால் மா ஒட்டக்கூடாது. போறணை இல்லாத வீட்டில் மூடிக் கட்டி ஆவியில் அவிக்கலாம். மேற்பொருக்கு வராது, அவ்வளவுதான்.

இந்தப் பாணுக்குள்தான் அந்த இரவின் பெரிய விளையாட்டு ஒளிந்திருக்கிறது. மோதிரம், காசு, துணித்துண்டு, பட்டாணி, குச்சி, தையலில் விரலுக்கு மாட்டும் தொப்பி ஆகியவற்றை உள்ளே மறைத்து வைப்பார்கள். மோதிரம் வந்தால் ஒரு வருடத்துக்குள் கல்யாணம். காசு வந்தால் செல்வம். துணி வந்தால் வறுமை. பட்டாணி வந்தால் அந்த வருடம் கல்யாணம் இல்லை. குச்சி வந்தால் சண்டை நிறைந்த மணவாழ்க்கை. விரல்தொப்பி வந்தால் கடைசிவரை கன்னி.

ஒரு பெண்ணின் வாழ்வைக் கல்யாணத்தால் மட்டுமே அளந்த காலத்தின் விளையாட்டு இது என்பது பார்த்தவுடன் புரியும். இப்போது கடையில் விற்கும் பார்ம்பிராக்கில் பெரும்பாலும் மோதிரம் மட்டுமே இருக்கிறது. குச்சியும் துணியும் போய்விட்டன. அது நல்லதே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மோதிரம் யார் துண்டிலும் வரலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் வரும், கணவனை இழந்த தாய்க்கும் வரும், பல்லில்லாத பாட்டிக்கும் வரும். மேசையே சிரிக்கும். "நீ முன்னுக்கு வராதே" என்று எவரையும் தள்ளி வைக்க அந்தப் பாணுக்குத் தெரியாது. மங்கல காரியம் என்றதும் பின்னால் நிறுத்தப்பட்ட எத்தனையோ சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள்ளே வைக்கும் பொருளை நன்றாகக் கழுவி எண்ணெய்த்தாளில் பெரிதாகச் சுற்றி வையுங்கள். வெட்டுமுன் எல்லோருக்கும் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளின் துண்டை முதலில் நீங்களே பிய்த்துப் பாருங்கள்.

தொங்கும் அப்பிள்

அடுத்தது அப்பிள் விளையாட்டு. கயிற்றில் கட்டித் தொங்கும் அப்பிளைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கடிக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் நாம் பணிஸ் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதன் தமையன் இது. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் அப்பிளைக் கடித்தெடுப்பதும் உண்டு. 1832இல் பிளார்னி என்ற ஊரில் தான் கண்ட ஹலோவீன் விருந்தை டானியல் மக்லீஸ் என்ற ஓவியர் மறுவருடம் வரைந்தார். கிழவர், குமரிகள், கைக்குழந்தைகள் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஆடிப் பாடுவதை அதில் காணலாம்.

நம்மைப் போன்றவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. பயம் ஒரு பிள்ளை தானே விரும்பி எடுத்துக்கொண்டால்தான் விளையாட்டாகும். வெடிச்சத்தத்துக்கும் இருட்டுக்கும் நடுங்கிய பிள்ளையின் முன் முகமூடியோடு திடீரெனப் பாயக்கூடாது. முகமூடியை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, "அம்மாவை வெருட்டு பாப்பம்" என்று சொல்லலாம்.

போர் கண்ட ஊரிலும்

"அவர்களுக்கென்ன, நிம்மதியான நாடு" என்று நீங்கள் நினைக்கலாம். வட அயர்லாந்தில் 1960களின் இறுதி முதல் 1998இல் உடன்படிக்கை வரும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் வன்முறை நடந்தது. 3,500க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதில் பெரிதும் அடிபட்ட நகரங்களுள் டெரியும் ஒன்று. இன்று ஹலோவீனுக்குப் பெயர்போன நகரமும் அதுதான். 1980களின் நடுப்பகுதியில், இராணுவமும் சோதனைச் சாவடிகளும் இருந்த அதே காலத்தில், மக்கள் வேடமிட்டு வீதியில் கூடத் தொடங்கினார்கள்.

அந்த இரவையும் வன்முறை விட்டுவைக்கவில்லை. 1993 ஒக்ரோபர் 30ஆம் திகதி டெரிக்கு அருகேயுள்ள கிரேஸ்டீல் என்ற கிராமத்தில், ஹலோவீன் விருந்து நடந்த மதுச்சாலைக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டார்கள். சுடுமுன் அவர்களில் ஒருவன் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்கும்போது சொல்லும் ஹலோவீன் வார்த்தைகளையே கத்தினான். எட்டுப் பேரின் உயிர் போனது.

அதன் பிறகும் அந்த ஊரார் விழாவைக் கைவிடவில்லை. தங்கள் பிள்ளைகளின் இரவைக் கொலைகாரருக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்றே இதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு கதிரை

கடைசியாக, அந்த மேசையின் மிகப் பழைய வழக்கத்துக்கு வருவோம். அயர்லாந்தின் பல ஊர்களில் ஹலோவீன் இரவிலோ, ஆன்மாக்கள் நாளின் இரவிலோ, படுக்கப் போகுமுன் வீட்டுப் பெண்கள் அடுப்பில் நெருப்பை அணையாமல் விடுவார்கள். கதவைத் தாழிட மாட்டார்கள். மேசையில் சிறிது உணவும் தண்ணீரும் வைத்துக் கதிரையை இழுத்து வைப்பார்கள். இறந்தவர்கள் வந்தால் குளிராமலும் பசிக்காமலும் இருக்க வேண்டும் என்பதற்காக.

தகப்பனுக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமியும் பிடிக்கும் நமக்கு இது அந்நியமல்ல. ஆனால் நம் படையலில் பிள்ளைகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கப் பழக்கப்பட்டவர்கள். அங்கேயோ அப்பிள் கடித்துச் சிரித்த அதே வீட்டில், அதே இரவில், அந்தக் கதிரையும் இருக்கிறது. சிரித்தால் இறந்தவரை மறந்ததாகிவிடும் என்று யாரும் நினைப்பதில்லை.

நம்மில் பலருக்கு இன்னொரு துயரம் உண்டு. கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்கள் வட அயர்லாந்திலும் உண்டு. அவர்களின் உடல்களைத் தேடுவதற்கு 1999இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. காணாமற்போன கணவனையோ மகனையோ இறந்தவர் வரிசையில் வைக்க மனம் ஒப்பாத சகோதரியிடம் படையல் வை என்று எவரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் "அப்பாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று பிள்ளை கேட்டால், அதைச் சமைக்கலாம். அவர் எப்படிப் பிசைந்து சாப்பிடுவார், எதற்கு முகம் சுளிப்பார், என்ன பகிடி விடுவார் என்று சொல்லிச் சிரிக்கலாம். அதற்குச் சாவு தெரிய வேண்டியதில்லை. சடங்கும் வேண்டியதில்லை.

அடுத்த ஒக்ரோபரில் அந்தப் படம் வரும்போது பேரனிடம் ஒன்று கேளுங்கள்: "பேயே, இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?" பிறகு அவனுடைய அம்மப்பாவுக்கு என்ன விருப்பமாக இருந்தது என்பதை நீங்கள் சொல்லுங்கள். அவன் இருக்கும் மேசைக்கும் உங்கள் குசினிக்கும் இடையில் அந்தக் கதிரையை நீங்களே இழுத்து வைக்கலாம்.